அரையாண்டு விடுமுறையை ஒட்டிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கபடியிலும் பேச்சுப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். பத்தாம் வகுப்பின் வருகையும் கூடியிருக்கிறது. எல்லோருக்கும் வாழ்த்துகள்.

சென்ற வாரம் நடந்த அறிவியல் கண்காட்சியைப் பற்றிக் கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டும்.

‘இயற்கையின் நான்கு அடிப்படை விசைகள்’ (ஈர்ப்பு விசை, மின்காந்த விசை, வலிமையான அணுக்கரு விசை, வலிமை குறைந்த அணுக்கரு விசை) என்ற தலைப்பில் மூன்று மேசைகளில் மூன்று மாடல்கள் இருந்தன. மூன்றிலும் அதே நீலத் தெர்மாகோல், அதே சீரியல் பல்பு. மூன்றிலும் ‘ஈர்ப்பு’ என்ற சொல்லில் ‘ப்’ விடுபட்டிருந்தது. கடையில் வாங்கியவை. எழுத்துப்பிழை போகட்டும். நான்கில் ஈர்ப்பு விசையே வலிமை மிக்கது என்று எழுதியிருந்தது. உண்மையில் நான்கிலும் மிகப் பலவீனமானது அதுதான். பிள்ளைகள் அந்தத் தவறை வரி மாறாமல் ஒப்பித்தார்கள்.

கடைசி மேசையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம், தட்டில் கொஞ்சம் குண்டூசி, அவ்வளவுதான். காந்தத்தை மேலே பிடித்தான். ஊசி துள்ளி வந்து ஒட்டியது. “பூமி மொத்தமும் கீழ இழுக்குது டீச்சர். அதையும் மீறி இது தூக்கிடுது” என்றான். 6 எழுதிப் பின்னால் 24 சுழி போட்டால் எத்தனை கிலோவோ, அத்தனை நிறை பூமிக்கு. அவன் காந்தம் உள்ளங்கையில் அடங்கியது. பிறகு அவனே கேட்டான்: “அணுக்கருவுல புரோட்டான் எல்லாம் ஒண்ணையொண்ணு தள்ளுமே, ஏன் சிதறல?” அவற்றைச் சேர்த்துப் பிடித்து வைக்கும் வலிமையான அணுக்கரு விசையைப் பற்றி அங்கேயே நின்று பத்து நிமிடம் பேசினோம். பரிசு, விளக்கு எரிந்த மாடலுக்குப் போய்விட்டது. அது எங்கள் தவறு. அந்த மாணவனிடம் நேரில் சொல்லிவிட்டேன்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கடையில் வாங்கியதையும் பெரியவர்கள் செய்து கொடுத்ததையும் இனி மேசையில் வைக்க விட மாட்டோம். அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது. இதில் யாருக்கும் விலக்கில்லை.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள். நாளைக் காலை மாடல் வேண்டும் என்று இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளை சொன்னால் கடைக்குத்தான் ஓட முடியும். செலவைப் பாராமல் வாங்கிக் கொடுத்தது பிள்ளைமேல் உள்ள அக்கறையால்தான். அதற்கு என் நன்றி. இனி இரண்டு வாரம் முன்பே தகவல் தருவோம்.

பொங்கல் முடிந்ததும் பள்ளியிலேயே, ஆசிரியர்கள் உடனிருக்க, பிள்ளைகள் புதிதாகச் செய்யப் போகிறார்கள். வலிமை குறைந்த அணுக்கரு விசையைக் காட்டக் கீழடியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே கிடைத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று கணித்தது கார்பன்-14 முறையில், அதாவது தானாகவே சிதைந்து குறையும் கார்பன்-14 அதில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து. அந்த விசையால்தான் கார்பன்-14 நைட்ரஜனாக மாறுகிறது. 5,730 ஆண்டுகளில் பாதி தீர்ந்துவிடும். ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகளை உருட்டி, வெள்ளை விழுந்ததை எடுத்துவிட்டு, மீதியை மறுபடி உருட்டினால் ஏறக்குறைய பாதி பாதியாகக் குறைவதைப் பிள்ளைகளே எண்ணிப் பார்ப்பார்கள்.

வீட்டில் புளியங்கொட்டையோ உடைந்த ஸ்பீக்கரோ இருந்தால், பள்ளி திறக்கும் நாளில் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்