எத்தனை லைன் என்பது அப்புறம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். பையன் சால்டரிங் பழக ஆரம்பித்திருக்கிறான், எனக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

மோட்டார் கன்ட்ரோலரை, கம்ப்யூட்டரில் ஓடும் மோட்டார் மாடலோடு இணைத்துச் சோதிக்க டெஸ்ட் பெஞ்ச் அமைக்கப் போகிறாய், 64 லைன் (சிக்னல் கம்பி) உள்ள டிஜிட்டல் கார்டு போதுமா என்று கேட்டிருந்தாய். லைன் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சிக்னல் எந்த நொடியில் மாறியது என்பதை அந்தக் கார்டில் யார் கவனிக்கிறார்கள்? அதை முதலில் விசாரி.

உன் கன்ட்ரோலர் 20 கிலோஹெர்ட்ஸில் பி.டபிள்யூ.எம். (ஆன்-ஆஃப் நேர விகிதத்தை மாற்றிச் சக்தியைக் கட்டுப்படுத்தும் துடிப்பு) அனுப்புகிறது என்று வை. ஒரு சுற்று 50 மைக்ரோசெகண்ட். ப்ராசஸர் 10 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை லைனைப் படித்தால், சுற்றுக்கு ஐந்து முறைதான் பார்க்கும். டியூட்டி, அதாவது சுற்றில் 'ஹை'யாக இருக்கும் பங்கு, 43 சதவீதமா 57 சதவீதமா என்று அந்த ஒரு சுற்றை வைத்துச் சொல்லவே முடியாது. எஃப்.பி.ஜி.ஏ. (உள் சர்க்யூட்டை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப்) உள்ள கார்டு என்றால் கதையே வேறு. 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் அதே சுற்று 5000 துண்டாகிவிடும்; ஒவ்வொரு விளிம்பும் (சிக்னல் மாறும் கணமும்) 10 நானோசெகண்ட் துல்லியத்தில் பதிவாகும். உன் மாடல் நிதானமாக 50 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை வந்து, அளந்து வைத்த எண்ணை எடுத்துக்கொண்டால் போதும். மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் இன்வெர்ட்டரில் மேல் ஸ்விட்சும் கீழ் ஸ்விட்சும் சேர்ந்து அணைந்திருக்கும் அந்த ஓரிரு மைக்ரோசெகண்ட் டெட் டைம் இருக்கிறதே, அதையும் இப்படித்தான் பிடிக்க முடியும். அது விடுபட்டால் நிஜ இன்வெர்ட்டரில் இரண்டும் ஒன்றாக ஆன் ஆகி ஷார்ட் ஆகும். அதைப் பெஞ்சிலேயே கண்டுபிடிக்கத்தானே இத்தனை பாடும்?

எதிர்த் திசையிலும் இதே கதைதான். மோட்டாரின் சுழற்சியைத் துடிப்புகளாகச் சொல்லும் என்கோடர் சென்சார் மாதிரி பெஞ்ச் நடிக்க வேண்டும். 1024 கோடு உள்ள என்கோடர் 6000 ஆர்.பி.எம்.மில் சுற்றினால், ஏ, பி இரண்டு சேனலிலும் சேர்த்து நொடிக்கு 4,09,600 விளிம்பு. மாடல் வேகத்தை மட்டும் சொல்லட்டும், விளிம்புகளை எஃப்.பி.ஜி.ஏ. போட்டுக்கொள்ளும். நாளைக்கு வேறு கன்ட்ரோலர் வந்தால் எஃப்.பி.ஜி.ஏ.வில் வேறு கான்ஃபிகரேஷனை (உள் சர்க்யூட் அமைப்பை) ஏற்றி, அதே பின்களை எஸ்.பி.ஐ. (சிப்புகள் டேட்டா பரிமாறும் இணைப்பு) ஆக்கிக்கொள்ளலாம். காசு கொடுப்பது இந்த வசதிக்குத்தான்.

வோல்டேஜையும் பார். 5 வோல்ட் சி-மாஸ் (பரவலான சிப் வகை) உள்ளீடு பொதுவாக 3.5 வோல்ட் வந்தால்தான் 'ஹை' என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். 3.3 வோல்ட் வெளியீட்டை நேரே கொடுத்தால் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. இந்த மாதிரிக் கோளாறைத் தேடுவது போல் எரிச்சல் வேறில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம், பவர் போட்டவுடன் லைன்கள் என்ன நிலையில் இருக்கும் என்பது. கான்ஃபிகரேஷன் ஏறும்வரை பின்கள் 'ஹை'யா 'லோ'வா என்று இல்லாமல் மிதந்துகொண்டிருந்தால், கன்ட்ரோலை இயக்கிவிடும் எனேபிள் லைன் தானாக 'ஹை' போய்விடலாம். அந்தப் பக்கம் நிஜ பவர் ஸ்டேஜ் (மோட்டாருக்குக் கரன்ட் தரும் பகுதி) இருந்தால் ஆபத்து. லைனை 'லோ'வில் பிடித்து வைக்கும் புல்-டவுன் ரெசிஸ்டர் போடாமல் கனெக்டரை மாட்டாதே. மாடல் நடுவில் நின்றுபோனால் வெளியீடுகள் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்பதையும் வாட்ச்டாக் (மாடல் நின்றதைக் கண்டுபிடிக்கும் டைமர்) வைத்து முடிவு செய்துவிடு.

கன்ட்ரோலரின் பின் பட்டியலையும், ஒவ்வொரு லைனின் வோல்டேஜையும் அனுப்பி வை. பார்த்துவிட்டு எந்தக் கார்டு சரிவரும் என்று எழுதுகிறேன். அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் நண்பன்