தாமான் ஒப்பந்தம் குறித்து ராஜூவுக்கு

சுங்கை சிப்புட்

அன்புள்ள ராஜூ,

வணக்கம். இங்கே எல்லாரும் நலம். நீ உங்கள் தாமான் (வீடமைப்புப் பகுதி) சங்கத் தலைவரானது கேட்டு மகிழ்ந்தேன்.

வீடுகளைக் கட்டி விற்ற மேம்பாட்டாளர், வாங்குபவர்களிடம் கையெழுத்து வாங்கிய கூட்டு ஒப்பந்தத்தில் ‘முன்புறம் மதில் கூடாது, வீட்டில் பட்டறை கூடாது’ என்று இருக்கிறதே, மூலை வீட்டைப் புதிதாக வாங்கியவரை அது கட்டுமா என்று கேட்டிருந்தாய். அவரே கையெழுத்திட்டிருந்தால் கட்டும். விற்றவர் மட்டும் போட்டிருந்தால் அந்தத் தாளை நம்பி இறங்காதே.

இங்கிலாந்தில் 1848-இல் டல்க்–மாக்ஸே வழக்கில், லண்டன் லெஸ்டர் சதுக்கத்துப் பூங்காவைப் பூங்காவாகவே வைப்பதாகத் தந்த வாக்கு, அதை அறிந்தே வாங்கியவரையும் கட்டும் என்று தீர்ப்பானது. மலேசியாவில் நமக்கோ 1965 தேசிய நிலச் சட்டம். இத்தகைய தனியார் நிபந்தனையைக் கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், பதிய அதில் வழியில்லை. அதனால் வீடு கைமாறியதுமே பிடி நழுவுகிறது. ஸ்ட்ராட்டா வீடென்றால் (அடுக்குமாடி போல, பொது இடங்களைப் பகிரும் வீடு) கதை வேறு. 2013 ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் துணைவிதிகள் வாடகைக்காரரையும் சேர்த்தே கட்டும். உங்களுடையவை தனிக் கிராண்ட்.

வாங்குபவரிடமும் கையெழுத்து வாங்கித் தருவது விற்பவர் பொறுப்பு என்ற விதி ஒப்பந்தத்தில் உண்டா என்று பார். இருந்தால், விற்பனைப் பேச்சு எழுந்ததுமே விற்பவருக்கும் அவர் வழக்கறிஞருக்கும் கடிதம் போய்விட வேண்டும். பெயர் மாறிய பிறகு எழுதினால் விற்றவரிடம் நஷ்டஈடு கேட்கலாம், ஆனால் மதில் நின்றுவிடும்.

உண்மையான பலம் கிராண்டில்தான். நில அலுவலகத்தில் ‘சாரியான் ராஸ்மி’ (அதிகாரபூர்வத் தேடல் தாள்) எடு. ‘சியாராட் ஞாத்தா’ (நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வெளிப்படை நிபந்தனை) வரியில் குடியிருப்பு வீடு என்றிருந்தால் பட்டறை நடத்துவது நிபந்தனை மீறல். தேசிய நிலச் சட்டத்தின் 127-ஆம் பிரிவில் அபராதம், 128-இல் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் 129-இல் நிலப் பறிமுதல் விசாரணை வரை போகலாம். நில அலுவலகத்துக்கு எழுதும் புகாரில் லோட் (மனை) எண், தேதியிட்ட படங்கள், தேடல் நகல் மூன்றும் இருக்கட்டும். சத்தம், எண்ணெய்க் கழிவு பற்றியே எழுதினால் ‘நகராட்சியிடம் போங்கள்’ என்று திருப்பிவிடுவார்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

மூலை வீட்டுக்காரர் கட்டவோ பயன்பாட்டை மாற்றவோ திட்ட அனுமதி கேட்டால், உள்ளூர்த் திட்டம் (எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் திட்டம்) இல்லாத பகுதியில் மட்டும் அண்டை நில உரிமையாளருக்கு நோட்டீஸ் வரும். ஆட்சேபிக்க 21 நாள். ஒட்டிய நிலம், 20 மீட்டருக்கு மேற்படாத சாலைக்கு அப்பால் எதிரே உள்ள நிலம், முட்டுச்சந்தானால் அதே பாதையைப் பயன்படுத்தும் 200 மீட்டருக்குள் உள்ள நிலம் எல்லாம் அண்டை நிலமே. உள்ளூர்த் திட்டம் இருந்தால் இந்த வாய்ப்பு இல்லை. ஆகவே திட்ட வரைவு மக்கள் பார்வைக்கு வரும்போதே சங்கம் எழுத வேண்டும்.

தேடல் தாள் கிடைத்ததும் நகல் அனுப்பு. புகார்க் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
செல்வம்