பதவி இல்லாமலும் வா, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் பெயரை இங்கே எழுதவில்லை. நம் பங்குக் கோயிலில் இருப்பவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும், மற்றவர்களுக்குப் பெயர் தேவையில்லை. தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் உன்னைப் போலவே மனம் கசந்து, ஏழைகளின் வீடு தேடிப் போய் உதவும் நம் வின்சென்ட் தே பவுல் சபையை விட்டு ஒதுங்கியவர்கள் எத்தனையோ பங்குகளில் இருக்கிறார்கள். பாடகர் குழு, மரியாயின் சேனை என்ற பக்திக் குழு, பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியம் என்று மற்ற குழுக்களிலும் இப்படி ஒதுங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். போனில் கேட்டபோது, "எழுதுங்க அக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாய். ஒண்ணும் இல்லாதவன் குரல் அப்படி இருக்காது.

உன் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டும் கட்டணமும் கொடுக்கும் உதவியை ஆரம்பித்தது நீ. கடை கடையாக ஏறி இறங்கினாய், பட்டியல் போட்டாய், பள்ளிக்கூடத்து ரசீதை எல்லாம் தேதி வாரியாக அடுக்கி வைத்தாய். இந்த வருடம் வேறொருவர் தலைவராக வந்தார், சரி. ஆனால் நோட்டு கொடுக்கும் விழாவில் மேடையில் இருந்த ஒருவர்கூட உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். அது தவறுதான். உன்னிடம் ஒன்றும், அவர்களிடம் வேறொன்றும் நான் சொல்லவில்லை. அவர்களிடமும் இதையேதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு நீ சொன்னாயே, "நான் இல்லாம எப்படி நடக்குதுன்னு பார்க்கிறேன்" என்று, அங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. நடக்காமல் போனால் யாருக்கு நஷ்டம் என்று யோசித்தாயா? தலைவருக்கா, மேடையில் இருந்தவர்களுக்கா?

இந்தச் சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரெடெரிக் ஓசானாமைப் பற்றி நம் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம், படமும் மாட்டி வைத்திருக்கிறோம். ஆனால் ஒரு விஷயத்தை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. இந்தச் சபைக்கு அவர் ஒருநாளும் பொதுத் தலைவராக இருந்ததில்லை. 1833 ஏப்ரல் 23 அன்று பாரிஸில், ஒரு கத்தோலிக்கப் பத்திரிகை அலுவலகத்தில், ஏழு பேர் கூடினார்கள். அன்று ஓசானாமுக்கு இருபதாவது பிறந்த நாள். ஏழைகளிடம் போக வேண்டும் என்று துடித்த மாணவர்களில் முன்னால் நின்றவர் அவர். ஆனால் தலைவர் இடத்தில் உட்கார்ந்தவர் எம்மானுவேல் பெய்லி, அந்தப் பத்திரிகையை நடத்தியவர், மாணவர்களைவிட இருபது வயதுபோலப் பெரியவர். 1844ல் பெய்லி விலகியபோது கோசன் என்பவர் வந்தார். 1848ல் பொதோன் வந்தார், அவர் ஓசானாமைவிட வயதில் இளையவர். மூன்று முறை அந்த நாற்காலி வேறு ஆட்களுக்குப் போனது. ஓசானாம் சபையை விட்டு எங்கும் போகவில்லை. பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்துகொண்டே ஏழைகளின் வீட்டுப் படியேறினார். 1853ல் மர்செய் நகரில் இறந்தபோது அவருக்கு நாற்பது வயது. 1997ல் திருச்சபை அவரை அருளாளர் என்று அறிவித்தது, அது புனிதர் நிலைக்கு முந்திய படி. அவரோடு தொடங்கிய மற்றவர்களின் பெயரைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? லெ தைலாந்தியே, லாமாஷ், லாலியே, தெவோ, கிளாவே. அவர்கள் வேலையும் வேலைதான்.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். அந்தப் படித்த இளைஞர்களுக்கு ஏழைகளின் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாது. அதே பகுதியில் பல வருடங்களாக ஏழைகளோடு இருந்த அருட்சகோதரி ரோசலியிடம் போய் நின்றார்கள். அவர்தான் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று காட்டினார். சட்டமும் இலக்கியமும் படித்தவர்கள் ஒரு கன்னியரிடம் அடிப்படையிலிருந்து கற்றுக்கொண்டார்கள்.

சண்டையே வரவில்லை என்றும் நினைக்காதே. 1834 கடைசியில் உறுப்பினர்கள் நூறு பேரை நெருங்கியபோது, ஒரே கூட்டமாக இருப்பதா, பிரிந்து தனித்தனியாக வேலை செய்வதா என்று பெரிய வாக்குவாதம் வந்தது. பிரியலாம் என்பது ஓசானாமின் பக்கம். நட்பு போய்விடும், பிரியவே கூடாது என்று மன்றாடியவர்களும் இருந்தார்கள். 1835 தொடக்கத்தில் இரண்டாகப் பிரிந்தார்கள். பிரிந்ததால்தான் அடுத்த பங்குக்கும் அடுத்த ஊருக்கும் போக முடிந்தது, நம் ஊர்வரைக்கும் வர முடிந்தது. தோற்ற பக்கத்தார் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

திருத்தூதர்களுக்குள்ளேயே நடந்ததுதானே. மாற்கைக் கூட்டிப் போவதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடும் தகராறு. பர்னபா மாற்கோடு சைப்ரஸுக்குக் கப்பல் ஏறினார், பவுல் சீலாவோடு வேறு பக்கம் போனார். இரண்டு பேருமே வேலையை விடவில்லை. பிற்காலத்தில் அதே மாற்கை அழைத்து வா, அவர் எனக்குப் பயன்படுவார் என்று திமொத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. எனக்கு அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் பவுல் மேல் மரியாதை கூடும்.

நம் சபையில் எனக்கு மிகவும் பிடித்தது இரகசியக் காணிக்கை. கூட்டம் முடியும்போது பை சுற்றி வரும். எல்லாரும் மூடிய கையை உள்ளே விட்டு, மூடியபடியே வெளியே எடுப்போம். ஐந்நூறு போட்டவரும், பத்து ரூபாய் போட்டவரும், அன்று போட ஒன்றும் இல்லாதவரும் ஒரே மாதிரிதான் கையை எடுப்பார்கள். யார் எவ்வளவு என்று தலைவருக்கும் தெரியாது, பொருளாளருக்கும் தெரியாது. எண்ணும்போது மொத்தம் மட்டும்தான் குறிப்பேட்டில் ஏறும். இவ்வளவு அழகான பழக்கத்தை வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் அரிசிப் பை கொடுப்பதற்கு ஃபிளெக்ஸ் அடிக்கிறோம். வாங்குகிற பாட்டியைக் கேமராவைப் பார்க்கச் சொல்கிறோம். மின்விசிறி இறக்கையில்கூட உபயம் என்று பெயர் எழுதுகிறோம். இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மேடையில் உன் பெயரைச் சொல்லாதது தவறு என்று சொன்ன நானேதான் இதையும் சொல்கிறேன். நன்றி சொல்வது சொல்ல வேண்டியவர்களின் கடமை. அதை எதிர்பார்த்து வேலை செய்தால் வேலை கெட்டுவிடும்.

அதற்காக எல்லாவற்றையும் வாய்மூடிப் பொறுத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. கணக்கில் சந்தேகம் வந்தால் கூட்டத்தில் எழுந்து கேள். தகுதியுள்ள குடும்பத்தை விட்டுவிட்டு வேண்டப்பட்டவருக்குக் கொடுத்தால் சத்தமாகவே கேள், நானும் உன் பக்கம் நிற்பேன். தாழ்ச்சி என்ற பெயரில் தப்பை மூடுவதற்கு ஆண்டவர் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் உன் கோபம் எதைப் பற்றியது என்று நற்கருணை முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து நீயே பார். ஏழைக்கு நடந்த அநியாயமா, உனக்குக் கிடைக்காத மரியாதையா? இரண்டாவது என்றால் அதை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

இனி நடப்பைச் சொல்கிறேன். ரயில்வே கேட் பக்கத்து பாட்டி வீட்டுக்கு நீ போகும்போது இரும்புக் கட்டிலின் ஓரத்தில் உட்காருவாய். பேசிக்கொண்டே மாத்திரை அட்டையை எடுத்து எத்தனை தீர்ந்திருக்கிறது என்று எண்ணுவாய். சர்க்கரை மாத்திரை மிச்சம் இருந்தால், சாப்பாட்டையும் விட்டிருக்கிறார் என்று உனக்குத் தெரியும். போன மாதம் போன இருவரும் அரிசியையும் பருப்பையும் வாசலில் கொடுத்துவிட்டு, ஒரு ஜெபம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அட்டையை எண்ணும் அந்தப் பழக்கம் உன்னோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. பத்தாம் வகுப்பை நிறுத்தப் பார்க்கிற அந்தப் பையனும் உன்னிடம் மட்டும்தான் வாயைத் திறப்பான். இதெல்லாம் தலைவர் பதவியோடு வந்ததா? இல்லை, நீ வீடு வீடாகப் போய்ச் சம்பாதித்தது. தலைவராக இல்லாவிட்டாலும் அது உன்னிடமே இருக்கிறது, சபைக்கு அது வேண்டும்.

புதிய தலைவர் உன்னிடம் கேட்கத் தயங்குகிறார். வயதில் சின்னவர், நீ எடுத்தெறிந்து பேசிவிடுவாயோ என்று பயம். முதல் அடியை நீ எடுத்து வை. ரசீதுக் கோப்பையும் கடைக்காரர்களின் நம்பர்களையும் அவர் கையில் கொடு. எந்தக் கடையில் எப்போது போனால் காரியம் நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல். அவர் வேறு விதமாகச் செய்தால் செய்யட்டும். கேட்டால் உன் கருத்தைச் சொல், ஏற்காவிட்டால் அடுத்த வேலையைப் பார்.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கூட்டம். பாட்டி வீட்டுக்கு இந்த மாதம் யார் போவது என்று இன்னும் முடிவாகவில்லை. உன் பெயரையும், புதிதாகச் சேர்ந்த அந்தக் கல்லூரிப் பையன் பெயரையும் சொல்லலாம் என்றிருக்கிறேன். உன்னால் வர முடியாது என்றால் சனிக்கிழமைக்குள் எனக்குச் சொல்லிவிடு, வேறு ஆள் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா