அடுப்படியில் கேட்ட குரல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேத்திக்குக் காது குத்துக்கு வர முடியவில்லை, மன்னித்துக்கொள். பத்து நாளாகக் கூடலூர் மலையில் இருந்தேன். அங்கே நடந்ததை உன்னிடம், முக்கியமாக உன் அப்பாவிடம், சொல்ல வேண்டும்.

சிலோனிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்களின் நினைவுகளை வீடியோவில் பதிவு செய்கிறோம் என்று முன்பே எழுதியிருந்தேன் இல்லையா? இந்த முறை சேரம்பாடிப் பக்கம் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு பாட்டி வீடு. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, அங்கேயே கல்யாணமாகி, 1972-இல் புருஷன் பிள்ளைகளோடு கப்பல் ஏறியவர். 1964 அக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்களே, அதில் இந்தப் பக்கம் விழுந்த குடும்பம். மிச்சம் 1,50,000 பேரை என்ன செய்வது என்று முடிவெடுக்க இன்னும் பத்து வருஷம் ஆனது. இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு நீலகிரியில் தேயிலை போட ஆரம்பித்தது. ‘ஒரு தேயிலையை விட்டுட்டு இன்னொரு தேயிலைக்கு வந்தோம்’ என்றார் பாட்டி.

லய வீட்டில் படம் பிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. முன் அறை பத்தடிக்குப் பத்தடி. ட்ரைபாடை விரித்தால் கதவு திறக்காது. ஃப்ரிட்ஜ் சத்தம் மைக்கில் விழும் என்று அதை நிறுத்தினோம். திரும்பப் போட மறந்துவிடக் கூடாது என்று வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்தேன். சாவி இல்லாமல் கிளம்ப முடியாது பார். சுவரில் மாலை போட்ட தாத்தா படம், அதன் கண்ணாடியில் எங்கள் விளக்கு பளிச்சென்று தெரிந்தது. படத்தைக் கழற்றலாம் என்றாள் கூட வந்த பெண். எனக்கு மனசு வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு மாறினோம். அப்புறம் தகரக் கூரையில் மழை, முக்கால் மணி நேரம்.

ஒரு தப்பு செய்தேன். பாட்டி வழக்கமாக வாசற்படி ஓரம் பலகையில்தான் உட்காருவாராம். ஃபிரேமுக்கு வசதியாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவ்வளவுதான், தாலுகா ஆபீசில் மனு கொடுக்க வந்தவர் மாதிரி ஆகிவிட்டார். தேதி, தோட்டத்துப் பேர், பாஸ்போர்ட் வாங்கிய விவரம் எல்லாம் வரிசையாக வந்தன. எத்தனையோ அதிகாரிகளிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு. நான் கேட்ட கேள்விகளும் அதே மாதிரிதான் இருந்தன.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. சரி, போதும் என்று பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போனார். ‘சாயத்தண்ணி போடுறேன், குடிச்சுட்டுப் போங்க’ என்றார். நான் முன் அறையில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஹெட்போன் காதில்தான் இருந்தது. பாட்டி முந்தானையில் காலர் மைக், இடுப்பில் டிரான்ஸ்மிட்டர், கழற்ற மறந்திருந்தோம். கேமரா பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

டம்ளர் சத்தம். அப்புறம் கூட வந்த பெண்ணிடம் பாட்டி பேசும் குரல், என் காதுக்குள்ளேயே பேசுவதுபோல. அக்காவைப் பற்றிப் பேசினார். அக்கா புருஷனுக்கு அங்கேயே பிரஜாவுரிமை. இவர்களுக்கு இந்தியா. கோச்சி (ரயில்) ஏறுவதற்கு முந்தின ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து எந்த ஏனம் (பாத்திரம்) யாருக்கு என்று பிரித்துக்கொண்டார்களாம். சருவச்சட்டி ஒருவருக்கு, அதன் மூடி இன்னொருவருக்கு என்று போய், விடிவதற்குள் ஒன்றும் பிரிக்க முடியாமல் எல்லாவற்றையும் அக்காவிடமே விட்டுவிட்டு வந்தேன் என்றார். அதற்கப்புறம் இன்னொன்றும் சொன்னார்.

நான் ஹெட்போனை உடனே கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. காலையிலிருந்து நான் தேடியது இதுதான் என்று தெரிந்தது. ஆனால் அவர் அதை எனக்குச் சொல்லவில்லை. கேமராவுக்கும் சொல்லவில்லை. தன் வீட்டு அடுப்படியில், ஒரு பெண்பிள்ளையிடம் சொன்னார்.

டீ குடித்து முடித்ததும் பாட்டியிடம் உண்மையைச் சொன்னேன். ஹெட்போனை அவர் காதில் வைத்து முழுக்கப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். ‘இது என் குரலா?’ என்று மட்டும் கேட்டார். அப்புறம், ‘ஏனம் பிரிச்ச கதை இருக்கட்டும் தம்பி. கடைசியா சொன்னதை எடுத்துடு. அக்கா பேரப்பிள்ளைங்க இப்ப போன்ல பேசுதுங்க’ என்றார். அவர் கண் முன்னாலேயே அழித்தேன். அது என்ன என்று உனக்கும் எழுதப் போவதில்லை. இத்தனை வருஷமாகப் பேட்டிக்கு முன்னால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்றுதான் இருந்தேன். இனிமேல் பேட்டி முடிந்ததும் உட்கார்ந்து போட்டுக் காட்டி, எது இருக்கலாம், எது வேண்டாம் என்று கேட்காமல் எந்த வீட்டையும் விட்டுக் கிளம்பப் போவதில்லை.

இப்போது உன் அப்பா விஷயம். கப்பல் இறங்கிய பிறகு மண்டபம் முகாமில் ஒரு மேசைக்கு முன்னால் நின்றதைப் பாட்டி சொன்னார். குடும்ப அட்டை எழுதிய குமாஸ்தா ‘சொந்த ஊர் எது?’ என்று கேட்டாராம். தோட்டத்துப் பேரைச் சொன்னாராம் பாட்டி. ‘அது இல்லம்மா, இங்கே எது?’ என்றாராம் அவர். திருச்சிப் பக்கம் என்று தன்னுடைய தாத்தா சொன்னது மட்டும்தான் பாட்டிக்கு நினைவு. அந்தத் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் சிலோனுக்குப் போனபோது நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பியதும் அதே மண்டபம் முகாமில்தான். இதைக் கேட்டதும் எனக்கு உன் அப்பா ஞாபகம்தான் வந்தது. அவர் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதியவர் அல்லவா? ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்! பதில் தெரியாமல் நின்றவர்களுக்கு என்ன எழுதினார்?

பொங்கல் கழித்து ராமநாதபுரம் வருகிறேன், அப்பாவிடம் கேட்டுச் சொல். பிடிக்கவில்லை என்றால் வேண்டாம். சும்மா பார்த்துவிட்டு வருகிறேன். சம்மதித்தால், எதை வேண்டுமானாலும் பிறகு எடுத்துவிடலாம் என்று இப்போதே சொல்லிவை. அதற்குள் நீ அவரிடம் எதையும் கேட்டுவிடாதே. முதல் தடவை சொல்லும்போது வருவது இரண்டாம் தடவை வராது. அப்புறம், அவர் திண்ணையில் உட்காரும் அந்த ஈசிசேர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கேமராவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அன்பு நண்பன்