டெடலஸின் கைகள்

அன்பு மகள் கண்மணிக்கு,

நலம். நலமறிய ஆவல். லண்டனிலிருந்து நீ அனுப்பிய படம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து அனுப்பினாய் பார், ஒரு மடிப்புகூட விழவில்லை.

"பழைய ஓவியம்" என்று எழுதியிருந்தாய். ஓவியம் இல்லையம்மா, மரத்தில் செதுக்கி அச்சடித்தது. முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்தேன். அங்கே ஏதோ ஆங்கிலக் கட்டுரை இரண்டு பத்தியாக ஓடுகிறது. ஏதோ பத்திரிகையிலிருந்து கத்தரித்த தாள். செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை ஈய அச்செழுத்தோடு சேர்த்து ஓட்ட முடியாது, அதற்குத் தனி மெஷின் வேண்டும். மரக்கட்டையை எழுத்தின் உயரத்துக்கு அறுத்துவிட்டால், எழுத்துக்குப் பக்கத்திலேயே பூட்டி ஓட்டலாம். அச்சகத்தில் 32 வருடம் எழுத்துக் கோத்த எனக்கு இதைப் பார்த்ததும் கை பரபரத்தது.

பாக்ஸ்வுட் என்ற கெட்டி மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த முகத்தில் கூர் உளியால் செதுக்குவார்கள். செதுக்கிய இடம் வெள்ளையாக விழும், விட்டுவைத்த இடம் மை வாங்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் இங்கிலாந்தின் நியூகாசிலில் தொழில் செய்த தாமஸ் பியூவிக். அந்த மரம் பருத்து வளராது. அதனால் பெரிய படத்துக்குப் பல சிறு கட்டைகளைப் பின்னால் போல்ட் போட்டு இணைப்பார்கள். அவசர வேலையென்றால் கழற்றி ஆளுக்கொரு துண்டாகச் செதுக்கிவிட்டு மறுபடி முடுக்குவார்கள். உன் படத்தின் நடுவில் முடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு இறங்குகிறதே, அதைக் கீறல் என்று நினைத்துவிடாதே. கட்டைகள் சேர்ந்த இடம் அது.

படத்தில் இருப்பது ஒரு கிரேக்கப் புராணக் கதை. கிரீட் தீவில் மினோஸ் மன்னனிடம் சிக்கிய டெடலஸ், தப்பிப் போக மகன் இக்காரஸுக்கு இறகும் மெழுகும் சேர்த்துச் சிறகு கட்டுகிறார். பார்க்கிறவர்கள் அந்தப் பையனைத்தான் பார்ப்பார்கள். நீ அப்பனின் கைகளைப் பார். கட்டும்போது அவர் கன்னம் நனைந்தது, கை நடுங்கியது என்று ஓவிட் என்ற ரோமானியக் கவிஞர் பாடியிருக்கிறார். நடுக்கத்தை மரத்தில் எப்படிச் செதுக்குவது? லென்ஸ் வைத்துப் பார்த்தேன். விரல் முட்டிகளில் மூன்று மூன்றாகக் குட்டை வெட்டுகள், ஒன்றுக்கொன்று இணையாக நிற்கவில்லை. சிறகைக் கட்டும் வாரில் ஏற்கெனவே ஒரு முடிச்சு இருக்கிறது. அதன்மேல் இன்னொன்று போடுகிறார்.

நீ கிளம்பிய அன்று உன் பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டினேன். "பூட்டுதான் இருக்கிறதே அப்பா" என்றாய்.

சட்டம் போடக் கொண்டுபோன இடத்தில் பசை தடவி அட்டையில் ஒட்டிவிடலாம் என்றார்கள். மனம் ஒப்பவில்லை, திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது வெயில் படாத அலமாரியில் இருக்கிறது.

ஒரு வேலை சொல்கிறேன். வலது மூலையில் செதுக்கியவர் பெயர் இருக்கிறது, ஆனால் மை அடைத்துப்போய் முதல் எழுத்துகூடத் தெரியவில்லை. நீ படம் வாங்கிய கடையில் இதே பத்திரிகையின் வேறு தாள்கள் இருந்தால், பெயர் தெளிவாக விழுந்த படம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டுப் பாரம்மா.

அன்புடன்,
அப்பா