கோடை முகாம் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் ஐயரவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சேகரத்தின் சபைகளிலிருந்து வந்திருக்கும் அங்கத்தினர் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

முகாம் வளாகத்தில் புதிய கூடம் கட்டுவதா, கிணற்றை ஆழப்படுத்துவதா என்ற கேள்வி இவ்வாண்டு செயற்குழுவில் பலமுறை எழுந்ததால், பிள்ளைகளைக் கோடையில் மலையடிக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நம் பகுதியில் எப்படி வேரூன்றியது என்பதை முதலில் நினைவுபடுத்துவது என் கடமை என்று கருதுகிறேன். 1827இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், பிரஷ்ய நாட்டு டோனா பிரபுவின் நன்கொடையால் உருவாகி அவர் பெயரையே தாங்கிய டோனாவூரில், 1901 முதல் அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். சமவெளியின் வெயிலைப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று கண்டு, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே திருக்குறுங்குடி மலைப்பகுதியில் நரைக்காட்டில் நிலம் வாங்கி, அவர்கள் தங்குவதற்கு வீடும் கட்டினார்கள். அம்மையார் தேடிப் போனது நிழலையும் ஓடும் தண்ணீரையுமே. கட்டடம் அதற்குப் பின்னரே வந்தது.

அம்மலைப்பகுதியில் 1976இல் களக்காடு வனவிலங்குச் சரணாலயமும், 1988இல் அதனுடன் முண்டந்துறையும் இணைந்து புலிகள் காப்பகமும் ஏற்பட்ட பிறகு, சோலைமந்திகள் வாழும் அந்தக் காட்டுக்குள் பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்துச் செல்ல நினைப்பதே தவறு. நமது முகாம் காட்டுக்கு வெளியே, மலையடியில், ஊர்ப் பெரியவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்த தோட்ட நிலமாகிய விளையில் நடைபெறுவது எல்லா வகையிலும் பொருத்தமானது.

வளாகத்தின் வசதிகள் எளியவை. ஓட்டுக்கூரை போட்ட கூடம் பகலில் வேத வகுப்புக்கும் இரவில் ஆண் பிள்ளைகள் படுப்பதற்கும் பயன்படுகிறது. பெண் பிள்ளைகள் ஆசிரியைகளுடன் பக்கத்துக் கட்டடத்தில் தங்குகிறார்கள். வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான் மணி. சமையற்கட்டில் விறகடுப்புடன் எரிவாயு அடுப்பும் சேர்ந்திருப்பதால், காலைக் காப்பி தாமதமாகிறது என்ற குறை நீங்கியது. முகாமுக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதி இன்றும் வீடுகளில் உலை வைக்கும்போது எடுத்து வைக்கும் பிடியரிசியிலிருந்தே வருகிறது. பல வீட்டு அரிசி ஒன்றாகக் கலந்திருப்பதால், சோறு ஒரே பதமாக வேகாது. அதைப் பார்த்துப் பார்த்து வடித்துக் கொடுத்த தாய்மாருக்குச் சங்கம் மிகவும் கடமைப்பட்டிருக்கிறது.

குறை கிணற்றில்தான். மே மாதத்தில் மோட்டாரைப் போட்டால் சிறிது நேரத்திலேயே தண்ணீர் கலங்கி, பிறகு காற்றுதான் வருகிறது. ஊற்று ஊறும் வரை பிள்ளைகள் வாளிகளுடன் தொட்டியடியில் காத்திருக்கிறார்கள். கடைசி நாள் அசனம் என்னும் பொது விருந்துக்கு லாரித் தண்ணீர் வாங்க வேண்டியதாயிற்று. மழைக்காலத்தில் நிரம்பித் ததும்பும் கிணறு கோடையில் இப்படி ஆவதற்கு, விளையில் விழும் மழைநீர் தங்காமல் சரிவில் ஓடிவிடுவதும் ஒரு காரணம் என்பதால், தூர் வாருவதோடு மேட்டுப்புறத்தில் வரப்பு உயர்த்தித் தண்ணீரைத் தேக்கவும் வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன்.

மற்றபடி முகாம் நல்லபடியாக நடந்தது. வீட்டை விட்டு ஓர் இரவும் வெளியே தங்கியிராத சிறுவர் சிலர் முதல் நாள் அழுதாலும், மறுநாள் மனன வசனப் போட்டியில் முன்வரிசையில் நின்றார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வரப்பு வேலையை முடிக்கவும், மழை ஓய்ந்து நீர் இறங்கியபின் கிணற்றில் இறங்கித் தூர் வாரவும், கூடம் கட்டும் யோசனையை அதுவரை ஒத்திவைக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இதைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தரும்படி கேட்டு, அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்