நாளைய ரேக்ளா: என் கணிப்பு

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாளைக்கு ரேக்ளா மாட்டு வண்டிப் பந்தயத்துல முதல்ல 200 மீட்டர், அப்புறந்தான் 300. வெயில் ஏறினா மாடு சோர்ந்துரும், அதனால குலுக்கல்ல முன்னாடி சீட்டு விழுந்த வண்டிக்குத்தான் யோகம்.

மதுரைப் பக்கமாட்டம் மொத்தமா விடறதில்லைங்க, நம்மூர்ல ஒவ்வொரு வண்டியாத்தான் ஓடும். எதிராளி கடிகாரந்தான். கிளம்புறப்ப தடுமாறினா அதோட போச்சு.

200-ல காங்கேயத்து மயிலை (சாம்பல் வெள்ளை மாடு) ஜோடி. நேத்துச் சாயங்காலம் பழக்க ஓட்டத்துல பார்த்தனுங்க, கொடி இறங்கறதுக்குள்ளயே ரெண்டும் காதை முன்னால மடக்கி மண்ணைப் பறிச்சுட்டு நின்னுதுங்க. வலத்து மாடு மட்டும் லேசா உள்ள சாயுது. ஓட்டறவர் கயித்தைச் சரியாப் புடிச்சா தங்கக்காசு அங்கதான்.

300-ல பொள்ளாச்சிச் செவலைக்கு (செம்மாடு) பேரு பெருசு, ஆனா கடைசி 50 மீட்டர்ல தளருது. நான் உடுமலைக் காரியைத்தான் (கருப்பு மாடு) சொல்லுவேன். தாராபுரத்து வண்டியை விட்டுருங்க. இடப்பக்க மாட்டுக்குப் புது லாடம், நடையே சரியில்ல.

ஜல்லிக்கட்டுக்காக 2017-ல தமிழ்நாடு கொண்டு வந்த சட்டத் திருத்தம் செல்லும்னு 2023 மே மாசம் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் நிம்மதியா ஓட்டறோம். மாடு ஓட்டற தார்க்குச்சியில ஆணி வெச்சு அதைக் கெடுத்துராதீங்க.

கணிப்பு பேச்சுக்குத்தானுங்க. பணம் கட்டற பேச்சு எடுத்தா குழுவுல இருந்து எடுத்துருவேன், மச்சானா இருந்தாலும் சரி. கொழந்தைகளை ஓடுபாதைக் கயித்துக்கு வெளியவே நிறுத்துங்க.